கறுப்பு மணலில் குட்டி உயிர்கள்: லெம்பேயில் முதல் மேக்ரோ படம்

இந்தோனேசியாவின் வடக்கு சுலவேசியில் பிதுங் துறைமுகத்துக்கும் லெம்பே தீவுக்கும் நடுவே இருக்கிறது லெம்பே நீரிணை. அடியில் பெரும்பாலும் எரிமலைக் கறுப்பு மணல். தவளைமீனும் ஓடில்லாக் கடல் நத்தையும் அங்கே தாராளம். கடலுக்கடியில் மேக்ரோ, அதாவது குட்டி உயிர்களை மிக நெருங்கிப் பெரிதாகப் படமெடுப்பது, பழக அருமையான இடம். மிதப்புக் கட்டுப்பாடு (மேலே எழும்பாமல், கீழே அமிழாமல் ஒரே மட்டத்தில் நிற்பது) இன்னும் கைவரவில்லை என்றால் முதல் சில டைவ்களுக்குக் கேமராவைப் படகிலேயே விட்டுவிடுங்கள்.

தேவையானவை: மிரர்லெஸ் கேமரா, 60 எம்எம் மேக்ரோ லென்ஸ், ஹவுசிங் (கேமராவுக்கான நீர்புகாப் பெட்டி), ஒரு ஸ்ட்ரோப் (நீருக்கடியில் பயன்படும் ஃப்ளாஷ்), சின்ன டார்ச்.

முதல் வேலை, முந்தின இரவே ஹவுசிங்கின் ஓ-ரிங்கை (மூடும் இடத்திலுள்ள ரப்பர் வளையம்) கழற்றி டார்ச் வெளிச்சத்தில் பார்ப்பது. ஒரு தலைமுடி சிக்கியிருந்தாலும் தண்ணீர் உள்ளே வரும். சிலிகான் கிரீஸை மினுக்கம் தெரியும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். தண்ணீரைத் தடுப்பது வளையம்தான், கிரீஸ் அல்ல. அதிகமானால் மணலை இழுத்து ஒட்டவைக்கும். ஏசி அறையிலேயே மூடுங்கள், உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம் போடுங்கள். ஈரக் காற்றோடு மூடினால் கடலில் லென்ஸ் முன்னால் ஆவி படியும்.

அடுத்து செட்டிங்: மேனுவல் மோட், 1/200 நொடி, எஃப்/11, ஐஎஸ்ஓ 200, ஸ்ட்ரோப் பாதி பலத்தில். ஷட்டர் வேகம் கேமராவின் ஃப்ளாஷ் சிங்க் வேகத்தை (ஃப்ளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகம்) தாண்டினால் படத்தின் ஒரு பகுதி கறுப்பாகிவிடும்.

கடல் நத்தையில் தொடங்குங்கள், அது ஓடாது. நீரோட்டத்தை எதிர்த்தபடி நெருங்கினால், கிளம்பும் தூசி உங்கள் பின்னால் போய்விடும். காலில் மாட்டிய துடுப்பைத் தவளைபோல் பக்கவாட்டில் அடியுங்கள். கேமராவை நத்தையின் மட்டத்துக்கு இறக்குங்கள். மேலிருந்து எடுத்தால் மணலில் கிடக்கும் வண்ணத்துண்டு போலத்தான் தெரியும். தலையில் நிற்கும் இரண்டு உணர்கொம்புகளில் ஃபோகஸைப் பூட்டி, உடலை ஒரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் அசையுங்கள். கொம்பின் மெல்லிய மடிப்புகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து தெரியும் கணத்தில் அழுத்துங்கள். இந்த நெருக்கத்தில் கூர்மையாக விழும் ஆழம் சில மில்லிமீட்டர்தான். பெரும்பாலான படங்கள் கெடுவது இங்கேதான்.

ஆடாமல் இருப்பதற்காக மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி கொஞ்சம் மேலே எழும்பினாலும் நுரையீரல் காயப்படலாம். மெதுவாக வெளியே விட்டுக்கொண்டே எடுங்கள்.

படமெங்கும் வெள்ளைப் புள்ளிகளா? லென்ஸுக்கும் நத்தைக்கும் இடையிலுள்ள துகள்கள்மேல் ஸ்ட்ரோப் ஒளி விழுகிறது. ஸ்ட்ரோப்பைச் சற்று வெளியே தள்ளி, ஒளியின் ஓரம் மட்டும் உயிரின்மேல் படும்படி திருப்புங்கள்.

கைடு பவள விசிறியில் பிக்மி கடல்குதிரையைக் காட்டினால் ஆவலை அடக்குங்கள். பெரும்பாலும் 2 சென்டிமீட்டர்கூட இல்லாத உயிர் அது. நாலைந்து படம் எடுத்ததும் விலகிவிடுங்கள். அது முதுகைக் காட்டினால் குச்சியால் திருப்ப வேண்டாம், விசிறியையும் தொட வேண்டாம்.

மேலே வந்ததும் ஹவுசிங்கை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீருக்குள்ளேயே ஒவ்வொரு பட்டனையும் பலமுறை அழுத்துங்கள். உப்பு இறுகினால் பட்டன் சிக்கிக்கொள்ளும். தலையும் கையும் நன்றாகத் துடைத்த பிறகே திறங்கள். முடியிலிருந்து சொட்டும் ஒரு துளி போதும், கேமரா போய்விடும்.