தீவைப் பார்க்கலாம், இறங்க முடியாது: ராமநாதபுரம் கடலில் படகிலேயே தங்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

சின்னதாக ஒரு படகு வாங்கி, நாலைந்து நாள் கடலிலேயே தங்கி, தீவு தீவாகச் சுற்றிவர வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ராத்திரி எந்தத் தீவுல தங்கலாம்?" என்பதுதான். எந்தத் தீவிலும் தங்க முடியாது. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே இருக்கிற 21 தீவுகளும் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. தீவு மட்டுமல்ல, அதைச் சுற்றியுள்ள ஆழமில்லாத கடலும் பூங்காவில் சேர்த்தி. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தால் வழக்குத்தான். குருசடைத் தீவைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வனத்துறை நடத்தும் படகுச் சுற்றுலாவில் போய் வருவதே நேர்வழி.

இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன. தீவு இருக்கிறதே, அங்கே சமைத்துக்கொள்ளலாம், மர நிழலில் படுத்துக்கொள்ளலாம், அவசரத்துக்கு ஒதுங்கலாம் என்று நினைத்து, படகில் அதற்கெல்லாம் வழி செய்யாமல் கிளம்பிவிடுகிறார்கள். இந்தக் கடலில் உங்களுக்கு வீடு படகு மட்டும்தான். இரவு தங்கல் என்பது பாம்பன், குந்துகால், கீழக்கரை, மூக்கையூர், வடக்கே தொண்டி என்று கரையோரத் துறைகளில், அங்குள்ளவர்களிடம் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் நங்கூரம் போட்டுத்தான். தீவுகள் கரையிலிருந்து சராசரியாக 8 கிலோமீட்டருக்குள் இருப்பதால் இது ஒன்றும் பெரிய சிரமமில்லை.

இன்னொன்று. மீன்பிடிக்கப் பதிவு செய்த படகை வாடகைக்குப் பேசி, கூட்டாளிகளை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் படகுக்கான பதிவும் காப்பீடும் மீன்பிடிக்கத்தான். ஏதாவது ஆகிவிட்டால் படகுக்காரர் பிழைப்பும் போகும்.

காற்றைக் கேட்காமல் தேதி குறிப்பது

லீவு கிடைக்கும் தேதியைப் பார்த்துப் பயணம் குறிப்பவர்கள்தான் அதிகம். இங்கே இரண்டு கடல் இருக்கிறது. ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊரில் வடகடல், தென்கடல் என்பார்கள். ஒன்று அடங்கியிருக்கும்போது மற்றது ஆடும். வைகாசி தொடங்கிக் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசுகிற மாதங்களில் தென்கடல் முரட்டுத்தனமாக இருக்கும், வடகடல் படகுக்கு இடம் கொடுக்கும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் கணக்கு மாறிவிடும். பாம்பன் கால்வாயில் நீரோட்டமும் இந்தக் காற்றோடு சேர்ந்து திசை மாறுகிறது. கச்சானில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும், வாடையில் வடக்கிலிருந்து தெற்கே.

புதிதாக வருகிறவர்களுக்கு என் யோசனை: தை பாதிக்கு மேல் தொடங்கி பங்குனிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். மார்கழி வந்துவிட்டதே, இனிப் புயல் இல்லை என்று நினைக்க வேண்டாம். தனுஷ்கோடியை அழித்த புயல் 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டித்தான் கரையேறியது.

வடகடல் ஆழமில்லாதது, பெரும்பகுதி 13 மீட்டருக்கும் குறைவு. ஆழம் குறைவு என்றால் பயமில்லை என்று எண்ணுகிறார்கள். நேர்மாறு. ஆழம் குறைந்த கடலில் காற்று ஏறினால் அலை உயரமாக இல்லாவிட்டாலும் நெருக்கி நெருக்கி வரும். ஒரு அலையில் குத்திய அணியம் (படகின் முன்முனை) நிமிர்வதற்குள் அடுத்தது மேலே விழும். தென்கடலில் வேறு வகைத் தொல்லை. காற்றே இருக்காது, வானம் வெறிச்சென்று இருக்கும், எங்கோ இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் எழுந்த நீள அலை வந்து கரையில் ஏறும். கடல் நிலவரம் சொல்லும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் இதைக் கள்ளக்கடல் எச்சரிக்கை என்று முன்கூட்டியே வெளியிடுகிறது. வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் சேர்த்துப் படியுங்கள். செல்போனில் காற்று வேகம் காட்டும் செயலி ஒன்றை மட்டும் பார்த்துக் கிளம்புவது பாதிக் கணக்கு. பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் மீதிக் கணக்குக்கே வேலையில்லை.

தண்ணீரும் அடுப்பும்

ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் 5 லிட்டர். நாலு பேர், ஐந்து நாள் என்றால் 100 லிட்டர். அதில் பாதியைக் கூடுதலாக வையுங்கள், 150. பங்குனி வெயிலில் இதுவே சரியாகத்தான் இருக்கும். தனுஷ்கோடி மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த ஊற்றை நம்பிக் குடிப்பவர்கள் அங்கே ஏற்கெனவே இருக்கிறார்கள். தண்ணீருக்கு அல்லாடும் மாவட்டம் இது, கரையில் நிரப்பிக்கொள்ளலாம் என்று காலிக் கேனோடு வராதீர்கள்.

எல்லாவற்றையும் ஒரே பெரிய டேங்கில் ஊற்றுவது அடுத்த தவறு. ஒரு வெடிப்பு விட்டாலோ உப்புத் தண்ணீர் கலந்தாலோ மொத்தமும் போச்சு. 20 லிட்டர் கேன்களாக எட்டு வையுங்கள். அவற்றை அணியத்தில் அடுக்கக்கூடாது, முன்பக்கம் தாழ்ந்து அலையைக் குடிக்கும். நடுவில், தாழ்வாக, இரண்டு பக்கமும் சமமாக, கயிற்றால் கட்டி வைக்க வேண்டும். மேலே சாக்கு போட்டு மூடிவிடுங்கள், வெயில் பட்டால் கேனுக்குள் பாசி பிடிக்கும். ஒரு கேனுக்கு மட்டும் சிவப்புத் துணி கட்டி, கரையைத் தொடும்வரை திறக்காமல் வைப்பவர்கள் உண்டு. நல்ல பழக்கம்.

பாத்திரம் தேய்ப்பது, அரிசி களைவது, கால் கழுவுவது எல்லாம் கடல் தண்ணீரில். கடைசியாக ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் அலசினால் போதும். கறையில்லாத இடத்தில், துறையை விட்டு விலகி மொண்ட கடல்நீரை ஒரு கரண்டி உலையில் விட்டால் உப்பு தனியாகப் போட வேண்டாம். கருவாடு கெடாது என்று அதையே நம்பி வருகிறவர்களுக்கு ஒன்று: கருவாடு சாப்பிட்ட நாளில் தண்ணீர்ச் செலவு எகிறும். முதல் நாள் காய்கறியை முடித்துவிட்டு, அப்புறம் வெங்காயம், உருளைக்கிழங்கு, பருப்பு, புளி என்று போகலாம். மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் அடுப்பே பற்றவைக்க வேண்டியதில்லை.

அடுப்பு என்றதும் சிலிண்டர். இதில் கொஞ்சம் பயமுறுத்தத்தான் வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு வழியாக வெளியே போக வழி உண்டு. படகில் கசிந்தால் அடித்தட்டுக்குக் கீழே இறங்கி அங்கேயே தேங்கி நிற்கும். காலையில் எஞ்சின் சாவியைத் திருப்பும்போது ஒரு பொறி போதும். சிலிண்டர் மூடிய அறைக்குள் இருக்கவே கூடாது. திறந்த தட்டில், பின்பக்கத்தில், கசிந்தாலும் கடலுக்குள் வழிந்து போகிற இடத்தில் கட்டுங்கள். சமைத்து முடித்ததும் அடுப்புக் குமிழை மட்டும் மூடாமல் சிலிண்டர் வால்வையே மூடுங்கள். அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி வேலி வைத்தால் பானை சாயாது.

கழிப்பறை பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. மூடியுள்ள ஒரு வாளி, சுற்றி இழுத்துவிடத் துணித் திரை, இவ்வளவுதான் தேவை. இது இல்லாவிட்டால் நடப்பது என்னவென்றால், கூட வந்த பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். மத்தியானத்துக்குள் தலைவலி, மயக்கம். கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லித் திரும்புவார்கள், காரணம் வாளி இல்லாததுதான்.

நங்கூரம்

"தம்பி, நாலு மீட்டர் தண்ணிக்குப் பத்து மீட்டர் கயிறு விட்டுட்டு நீ தூங்கினா, முழிக்கிறப்ப வேற ஊருல இருப்ப." கீழக்கரையில் ஒரு பெரியவர் வெளியூர்க்காரர் ஒருவரிடம் சொன்னது இது. கயிறு மட்டும் என்றால் ஆழத்தைப் போல ஏழு மடங்கு விட வேண்டும். ஆழத்தோடு அணியத்தின் உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள்: 4 மீட்டர் தண்ணீர், 1 மீட்டர் உயரம், ஆக 35 மீட்டர் கயிறு. முழுக்கச் சங்கிலி என்றால் ஐந்து மடங்கு. கயிறானாலும் நங்கூரத்தை ஒட்டி சில மீட்டராவது சங்கிலி இருந்தால்தான் நங்கூரம் படுத்துப் பிடிக்கும்.

எங்கே போடுவது என்பது அடுத்த விஷயம். தரை மணலாகவோ சேறாகவோ இருக்க வேண்டும். கடற்புல் மேல் போட்டால் நங்கூரம் வழுக்கிக்கொண்டே வரும். அந்தப் புல்லைத்தான் கடல் பசு மேய்கிறது. பவளப் பாரில் (பவளப்பாறையில்) போட்டால் பார் உடையும், கயிறும் அறுபடும், வனவுயிர்ச் சட்டமும் பாயும். சூரியன் உச்சியில் அல்லது முதுகுப் பக்கம் இருக்கும்போது அணியத்தில் நின்று பார்த்தால் மணல் வெளிறித் தெரியும், பார் பழுப்பாகத் தெரியும். அதனால் வெளிச்சம் இருக்கும்போதே இடம் பிடித்துவிடுங்கள், பொழுது சாய்ந்தபின் துறை தேடாதீர்கள்.

போட்டபிறகு கரையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரியும் இரண்டு பொருட்களை அடையாளமாகப் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னால் ஒரு பள்ளிவாசல் மினார், பின்னால் செல்போன் டவர் என்று வைத்துக்கொள்ளலாம். காற்றில் படகு கொஞ்சம் வட்டமடிக்கும், இரண்டும் சற்று விலகி மறுபடி சேரும். சேராமல் விலகிக்கொண்டே போனால் நங்கூரம் இழுபடுகிறது. கயிறு அணியத்தில் உரசும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். ஒரு ராத்திரி ஆட்டத்தில் அங்கே நூல் பஞ்சு பஞ்சாக எழுந்து நிற்கும். பழைய ரப்பர் ஹோஸ் ஒரு முழம் வெட்டி, நீளவாக்கில் கீறி, அந்த இடத்தில் மாட்டிக் கட்டினால் கயிறு பிழைக்கும்.

ஆளில்லாத கடல் என்ற நினைப்பு

வரைபடத்தில் வெறும் நீலமாக இருக்கும் இடமெல்லாம் இங்கே யாராவது ஒருவரின் வேலைக்களம். மண்டபம், வேதாளை, தொண்டிப் பக்கம் கடல்பாசி வளர்க்கிற மூங்கில் மிதவைகள் கரையோரம் வரிசையாகக் கிடக்கும். அவற்றில் விளக்கு கிடையாது. நண்டு வலையின் அடையாளம் ஒரு தெர்மாகோல் துண்டாக இருக்கும், அலையில் அதுவும் தெரியாது. கரையோரமாக ராத்திரி ஓட்டாதீர்கள், அவ்வளவுதான்.

புரொப்பல்லரில் வலை சுற்றிவிட்டால் எஞ்சினை முன்னும் பின்னும் போட்டு உதறப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. அது இன்னும் இறுக்கும். எஞ்சினை நிறுத்துங்கள், சாவியைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம்தான் ஆள் இறங்க வேண்டும். பல் வைத்த கத்தி ஒன்றும் நீச்சல் கண்ணாடி ஒன்றும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சுற்றிய பகுதியை மட்டும் அறுங்கள். மீதி வலையை மிதவையோடு விட்டுவிட்டு, கரைக்கு வந்ததும் யாருடையது என்று கேட்டு நஷ்டத்தைப் பேசி முடியுங்கள். அந்தத் துறையில் நாளைக்கும் உங்களுக்கு இடம் வேண்டும்.

பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரம் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று ஓர் ஏற்பாடு நெடுநாளாக இருக்கிறது. விசைப்படகுகள் போகிற நாள் எது என்று துறையில் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரவில் நடுக்கடலில் விளக்கில்லாமல் மிதப்பது ஆபத்து. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது.

எல்லைக்கோடு இங்கே விளையாட்டில்லை. 1974, 1976 ஒப்பந்தங்களில் வகுத்த கோடு தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே மிக நெருக்கத்தில் போகிறது. கடலில் கோடு தெரியாது. ஜிபிஎஸ்ஸில் முன்கூட்டியே ஏற்றி, பல மைலுக்கு முன்பே ஒலிக்கும்படி வையுங்கள். செல்போனில் இலங்கை நெட்வொர்க் வரவேற்புச் செய்தி அனுப்பினால் தாண்டிவிட்டதாக அர்த்தமில்லை, தனுஷ்கோடிக் கரையில் நின்றாலே அது வரும். ஆனால் கச்சான் காலத்தில் எஞ்சின் நின்றுபோன படகைக் காற்று கிழக்கே, கோட்டைப் பார்த்துத்தான் தள்ளும். அதனால்தான் டீசலை மூன்று பங்காகப் பிரிக்கச் சொல்கிறார்கள்: போக ஒன்று, வர ஒன்று, தொடாமல் வைக்க ஒன்று. டீசல் பில்டர், பெல்ட், தண்ணீர் பம்பின் இம்பெல்லர் ஆகியவற்றில் உபரி ஒன்றாவது இருக்கட்டும். அவற்றை மாற்றத் தெரிந்த ஒருவரும் படகில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெட்டிக்குள் கிடப்பது பாரம்தான்.

பாய்மரம் வைத்த படகு என்றால் பாம்பனில் வடகடலுக்கும் தென்கடலுக்கும் நினைத்த நேரத்தில் மாற முடியாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தில் 72.5 மீட்டர் நீளத் தூக்குப் பகுதி இருக்கிறது, அது உயரும்போதுதான் வழி. துறைமுக அலுவலகத்தில் சொல்லிவைத்துக் காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துப் பெட்டியில் ஓஆர்எஸ் தாராளமாக இருக்கட்டும். ஆழமில்லாத மணலில் இறங்கினால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், திருக்கை விலகிப் போகும். அதன் முள் குத்திவிட்டால் தாங்குகிற அளவு வெந்நீரில் காயத்தை அரைமணி நேரத்துக்குக் குறையாமல் முக்கி வைத்தால் வலி இறங்கும், பிறகு மருத்துவமனை. நினைவுக்கு என்று பவளத் துண்டோ, கடல் அட்டையோ, கடல் குதிரையோ எடுத்து வராதீர்கள். செத்து ஒதுங்கியதாக இருந்தாலும் வைத்திருப்பது குற்றம்.

கிளம்பும் முன் படகின் பெயர், பதிவு எண், நிறம், ஏறியவர்கள் எத்தனை பேர், எந்தெந்தத் துறையில் எந்த இரவு, திரும்பும் நாள் எது என்று ஒரு தாளில் எழுதி, கரையில் நம்பிக்கையான ஒருவரிடமும் கடலோரக் காவல் நிலையத்திலும் கொடுங்கள். தமிழகக் காவல்துறையின் கடலோரக் காவல் குழுமத்தின் எண் 1093, இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. கரையை விட்டு விலகினால் செல்போன் சிக்னலை நம்ப முடியாது, விஎச்எஃப் ரேடியோவில் 16-வது சேனல் திறந்தே இருக்கட்டும். திட்டம் மாறி ஒரு நாள் கூடுதலாகத் தங்க நேர்ந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். திரும்பி வந்ததும் மறக்காமல் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் வீட்டில் குளித்துக்கொண்டிருக்கும்போது உங்களைத் தேடி ஒரு படகு கிளம்பியிருக்கும்.