விடாமுயற்சியின் பெயரில் செய்யும் தவறுகள்

விடாமுயற்சி உள்ளவர் வேலையில் முன்னேறுவார் என்பது பொய்யில்லை. உளவியல் ஆய்வாளர் மார்கஸ் க்ரெடேயும் அவருடைய குழுவினரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட கட்டுரையிலும், உழைப்பைக் கைவிடாத குணத்துக்கும் சாதனைக்கும் தொடர்பு தெரிந்தது. ஆனால் அது மிதமான தொடர்புதான். எல்லாப் பூட்டுக்கும் அதையே சாவியாக நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது.

பெரிய தவறு, இலக்கை விட்டுவிட்டு வழியைப் பிடித்துக்கொள்வது. ஒரே முறை மூன்று தடவை பலிக்காதபோது நான்காவது தடவையும் அதையே செய்வது பிடிவாதம். இதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது, "இவ்வளவு செய்துவிட்டோமே" என்ற நினைப்பு. 1976இல் நிறுவன நடத்தை ஆய்வாளர் பாரி ஸ்டா வணிகவியல் மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். ஒரு நிறுவனத்தின் எந்தப் பிரிவுக்குப் பணம் ஒதுக்குவது என்று தாங்களே முடிவெடுத்து, அது நட்டத்தில் போனதைக் கண்டவர்கள்தான் அதே பிரிவில் மேலும் அதிகமாகப் பணம் போட்டார்கள். பணத்துக்குப் பதில் உழைப்பையும் ஆண்டுகளையும் வைத்துப் பாருங்கள். அலுவலகங்களில் நடப்பது விளங்கும். முன்பு செலவிட்டதைக் கணக்கில் சேர்க்காமல், இன்று புதிதாகத் தொடங்குவதானால் இதை எடுத்துக்கொள்வோமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நேரத்தை முயற்சியாக எண்ணுவது அடுத்தது. உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 விழுக்காடு அதிகம். இரவு வெகுநேரம் விளக்கெரியும் மேசையைப் பாராட்டும் மேலாளர்கள் இதைப் படிக்க வேண்டும்.

பணிச்சோர்வைத் தன் பலவீனமாக எடுத்துக்கொண்டு இன்னும் பல்லைக் கடிப்பதும் தவறே. பணிச்சோர்வு என்பது சரியாகக் கையாளப்படாத, நீடித்த பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு விவரிக்கிறது. ஆள் பற்றாக்குறையையும் தெளிவற்ற உத்தரவுகளையும் ஒருவருடைய மனவுறுதியால் ஈடுகட்ட முடியாது. தூக்கம் கெட்டு, எரிச்சல் வாரக்கணக்கில் நீடித்தால், மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ போவதைத் தள்ளிப்போடக் கூடாது.

எட்டாத இலக்கை விட்டுவிடத் தெரிந்தவர்கள், அதிலும் வேறொன்றைப் பற்றிக்கொள்கிறவர்கள், மனநலத்தோடு இருப்பதாக உளவியல் ஆய்வாளர் கார்ஸ்டன் ராஷ் குழுவினரின் ஆய்வுகள் காட்டுகின்றன. எந்தத் தேதிக்குள், எந்த விளைவு தெரியாவிட்டால் நிறுத்துவது என்று தொடங்கும்போதே எழுதி வைத்துவிடுங்கள். நடுவழியில் அந்த முடிவை எடுப்பது கடினம். அப்போது ரோஷமும் குறுக்கே வரும்.