ஊசியில் பீட்டா பிளாக்கர்: நாடி ஏன் ஓடுகிறது என்று முதலில் பாருங்கள்

கடலில் இரண்டு நாள் கிடந்து, வாந்தியும் பேதியுமாகக் குளச்சலில் கரையேறும் இதய நோயாளிக்கு நாடி 130 ஓடும். அதை மெட்டோபிரலால் (துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகை மருந்து) போட்டு அடக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது டிரிப். காய்ச்சல், ரத்தப்போக்கு, ரத்தசோகை எல்லாவற்றுக்கும் இதே விதிதான்: நாடியை அல்ல, காரணத்தைக் கவனியுங்கள்.

காரணம் எளிய கணக்கு. பலவீனமான இதயம் ஒரு துடிப்புக்கு 35 மில்லிதான் தள்ளுகிறது என்று வையுங்கள். 120 துடிப்பில் நிமிடத்துக்கு 4.2 லிட்டர் கிடைக்கும். 70 ஆக்கினால் 2.45 லிட்டர்தான். இந்த மருந்து சுருங்கும் வலுவையும் குறைப்பதால், துடிப்பு குறைந்ததை ஒரு துடிப்பின் அளவு கூடி ஈடுகட்டவும் வழியில்லை. கை கால் சில்லிடும், சிறுநீர் குறையும், நுரையீரலில் நீர் கோக்கும்.

மைட்ரல் வால்வு (இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள வால்வு) சுருங்கியவருக்கோ கதை நேர் எதிர். துடிப்பு குறைந்தால் இடது மேலறை காலியாக நேரம் கிடைக்கும், மூச்சுமுட்டல் தணியும். நெஞ்சுவலிக்காரருக்கும், இதயம் விரிந்திருக்கும் நேரம் கூடுவதால் அதன் தசைக்கு ரத்தம் கூடுதலாகப் போகும்.

மாரடைப்பில் நிதானம் வேண்டும். 2005-ல் வெளியான கமிட் (COMMIT) ஆய்வில் 45,852 மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். மெட்டோபிரலால் ஊசியால் மறு மாரடைப்பும் வெண்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷனும் (கீழறைகள் ஒழுங்கின்றித் துடித்து ரத்தம் தள்ளாத நிலை) ஆயிரத்துக்கு ஐந்து ஐந்தாகக் குறைந்தன. ஆனால் அதிர்ச்சி நிலை (இதயம் போதிய ரத்தம் தள்ளாமல் பி.பி. விழுவது) ஆயிரத்துக்குப் பதினொன்று கூடியது. 70 வயது தாண்டியவர், மேல் பி.பி. 120-க்குக் கீழ் உள்ளவர், நாடி 110-க்கு மேல் ஓடுபவர் ஆகியோருக்கு ஆபத்து அதிகம். நுரையீரலின் அடிப்பகுதியில் கரகரப்பு, இழுப்பு நோய் (ஆஸ்துமா), ஈசிஜியில் பி.ஆர். (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு போக எடுக்கும் நேரம்) 0.24 நொடிக்கு மேல், சற்று முன் வெராபமில் (இதுவும் துடிப்பைக் குறைக்கும் மருந்து) ஊசி: இதில் எது இருந்தாலும் போடாதீர்கள்.

ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் (மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) நாடியைக் குறைக்க மெட்டோபிரலால் 2.5 முதல் 5 மில்லிகிராம், இரண்டு நிமிடம் எடுத்து மெதுவாக. ஐந்து நிமிடம் கழித்து பி.பி.யும் நுரையீரலும் மறுபடி பார்த்த பிறகே அடுத்தது. மொத்தம் 15 மில்லிகிராமைத் தாண்டாதீர்கள். மானிட்டரிலிருந்து கண் எடுக்கக் கூடாது.

தாங்குவாரா என்று சந்தேகமிருந்தால் எஸ்மலால் என்ற குறுகிய நேர பீட்டா பிளாக்கர் நல்லது. ரத்தச் சிவப்பணு நொதியே அதை உடைப்பதால் அரை ஆயுள் (ரத்தத்தில் மருந்து பாதியாகும் நேரம்) ஒன்பது நிமிடம்தான்; நிறுத்தினால் அரைமணிக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். 60 கிலோ ஆளுக்கு, மில்லிக்கு 10 மில்லிகிராம் உள்ள மருந்தில் முதலில் 3 மில்லி ஒரு நிமிடத்தில், பிறகு பம்ப்பில் மணிக்கு 18 மில்லி. தாழ்ந்த பி.பி. உள்ளவருக்கு முதல் 3 மில்லியை விட்டுவிடுவதே எங்கள் தேர்வு.

நாடி 40-க்கு இறங்கி பி.பி.யும் விழுந்தால் பம்ப்பை நிறுத்தி, துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் 1 மில்லிகிராம். மூன்று முதல் ஐந்து நிமிட இடைவெளியில் மொத்தம் 3 மில்லிகிராம் வரை. அது பல நேரம் போதாது. அட்ரினலின் டிரிப்பையும் வெளிப்புற பேஸிங் பட்டைகளையும் (நெஞ்சில் ஒட்டி மின்சாரத்தால் இதயத்தைத் துடிக்க வைப்பவை) ஊசி போடும் முன்பே தயாராக வையுங்கள். பீட்டா பிளாக்கரின் விளைவை எதிர்க்கும் குளுக்ககான் இருந்தால் 5 மில்லிகிராம் மெதுவாக. வாந்தி வரும், தலையைத் திருப்பி வையுங்கள்.

பேச்சிப்பாறையிலிருந்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்கு ஆம்புலன்ஸ் ஏற்றும் நேரத்தில் மெட்டோபிரலால் போட்டு அனுப்பாதீர்கள். அதன் வேலை பல மணி நேரம் நீடிக்கும், வழியில் பி.பி. விழுந்தால் மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. ஏற்கெனவே போட்டிருந்தால் அளவையும் நேரத்தையும் ரெஃபரல் சீட்டின் மேலே பெரிதாக எழுதுங்கள்.