ஈஜிஆர் கோடு வந்ததும் வால்வை மாற்றிவிடாதீர்கள்

செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0401 என்ற பழுதுக் கோடு வருகிறது. உடனே "ஈஜிஆர் வால்வு போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்பார்கள். அவ்வளவு அவசரம் வேண்டாம். ஈஜிஆர் என்பது வெளியேறும் புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்குள் திருப்பி அனுப்பும் ஏற்பாடு. எஞ்சினுக்குள் திரும்பி வர வேண்டிய புகை போதிய அளவு வரவில்லை என்பதைத் தவிர அந்தக் கோடு வேறெதுவும் சொல்வதில்லை. வால்வு திறக்காமல் இருக்கலாம். வால்வு திறந்தும் பாதை கரியால் அடைத்திருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து, அளக்கும் சென்சார் தப்பாகக் காட்டலாம்.

டீசல் கார்களில் இந்த மூன்றாவது காரணத்தைத்தான் அதிகம் கோட்டை விடுகிறோம். பல டீசல் எஞ்சின்களில் ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) திரும்பும் புகையை நேராக அளப்பதில்லை. வால்வைத் திறந்ததும் வெளியிலிருந்து வரும் புதுக்காற்று எவ்வளவு குறைகிறது என்று எம்ஏஎஃப் சென்சாரை (உள்ளே வரும் காற்றை அளப்பது) வைத்துக் கணக்குப் போடுகிறது. டர்போவுக்குப் பின்னால் ஒரு ஹோஸ் கிழிந்து காற்று வெளியேறினால், எம்ஏஎஃப் கூடுதல் காற்றைக் காட்டும். ஈசியூவோ ஈஜிஆர் வேலை செய்யவில்லை என்று முடிவு கட்டும். புது வால்வு போட்டாலும் அதே கோடு திரும்ப வருவது இப்படித்தான். முதலில் ஹோஸ், கிளாம்ப், இன்டர்கூலர் இணைப்பு எல்லாம் பாருங்கள். செலவே இல்லாத வேலை.

கோடை அழித்துவிட்டு வேலையைத் தொடங்குவதும் தப்பு. கோடு விழுந்த நேரத்து வேகம், லோடு, எஞ்சின் சூடு எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேமில் பதிவாகியிருக்கும். கோடோடு சேர்ந்து அதுவும் போய்விடும். அப்புறம், விளக்கு அணைந்துவிட்டது என்பதாலேயே பழுது தீர்ந்தது என்று எண்ண வேண்டாம். உரிய நிலைமையில் வண்டி ஓடினால்தான் ஈசியூ ஈஜிஆரை மறுபடி சோதிக்கும். அதற்கு நாலைந்து நாள்கூட ஆகலாம்.

ஸ்கேனர் லைவ் டேட்டாவில் 'ஈஜிஆர் எரர்' (கேட்ட அளவுக்கும் நிஜ அளவுக்கும் உள்ள வித்தியாசம்) 99.2 சதவீதம் என்று காட்டினால் பலர் பதறிவிடுகிறார்கள். ஈசியூ கேட்ட அளவு பூஜ்யமாக இருக்கும்போது விகிதம் போட முடியாது. அந்த நேரத்தில் வால்வு கொஞ்சம் திறந்திருப்பதாகத் தெரிந்தாலே இந்த எண் வந்து நிற்கும். வால்வைத் திறக்கச் சொல்லி கட்டளை கொடுத்து, கேட்ட அளவும் நிஜ அளவும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

ஈஜிஆர் வால்வு வேக்கத்தில் (வெற்றிட உறிஞ்சலில்) இயங்கும் பழைய பெட்ரோல் வண்டி என்றால் இன்னும் சுலபம். ஐட்லிங்கில் கை பம்ப்பால் வால்வுக்கு வேக்கம் கொடுங்கள். எஞ்சின் தடுமாறினாலோ நின்றாலோ வால்வும் பாதையும் சரி, கோளாறு சோலினாய்டு (வேக்கத்தைத் திறந்து மூடும் மின்வால்வு) அல்லது ஹோஸ் பக்கம். வால்வின் டயாஃப்ரம் (உள்சவ்வு) அசைந்தும் எஞ்சின் அசையவே இல்லையென்றால் பாதை அடைப்பு. பேக் பிரஷர் (புகையின் எதிரழுத்தத்தைச் சார்ந்து இயங்கும்) வகை வால்வுகளுக்கும் டீசலுக்கும் இந்தச் சோதனையை நம்ப முடியாது.

சுத்தம் செய்யும்போது வால்வை மட்டும் பளபளப்பாக்கிவிட்டு இன்டேக் மேனிஃபோல்டை (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்த் தொகுதி) அப்படியே விடுவார்கள். அங்கே புகைக்கரியும் கிராங்க்கேஸ் எண்ணெய் ஆவியும் சேர்ந்து தார் மாதிரி படிந்திருக்கும். பல மின்சார வால்வுகளுக்கு, கழற்றி மாட்டியபின் ஸ்கேனரில் மூடும் நிலையைப் புதிதாகப் பதிய வைக்க வேண்டும். இதை விட்டாலும் கோடு திரும்பும்.

ஈஜிஆர் பாதையைத் தகடு வைத்து அடைத்துவிடுவது நம்மூரில் பிரபலமான 'தீர்வு'. நம் பியூசி (வாகன மாசு) சோதனை டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியைத்தான் பார்க்கிறது, நைட்ரஜன் ஆக்ஸைடை அளப்பதில்லை. அதனால் வண்டி தேறிவிடும். ஆனால் ஈஜிஆர் இருப்பதே அந்த வாயுவைக் குறைக்கத்தான். போதாததற்கு, புதிய வண்டிகளில் ஈசியூ இதைக் கண்டுபிடித்து பிக்கப்பையும் குறைத்துவிடும்.

கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, வெளியே சொட்டு கசிவு கூட இல்லை என்றால், ஹெட் கேஸ்கெட்டில் கை வைக்குமுன் ஈஜிஆர் கூலரை (திரும்பும் புகையைக் கூலண்டால் குளிர்விக்கும் பாகம்) அழுத்தம் கொடுத்துச் சோதியுங்கள். 2018-இல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் அடுத்தடுத்து தீப்பிடித்தபோது, அந்த நிறுவனமே காரணமாகச் சொன்னது கூலரில் கசிந்த கூலண்டைத்தான். கரியோடு சேர்ந்து படிந்த அந்தக் கசிவு, சூடான புகை பட்டுப் பற்றிக்கொண்டது.