ஓடைக்கு விரிய இடம் கொடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

பருவமழை பிடித்துக்கொண்டால் நீலகிரியில் முத்தோரை பாலாடா பக்கம் போய்ப் பாருங்கள். ஓடை எது, கேரட் தோட்டம் எது என்றே தெரியாது. தண்ணீர் வடிந்ததும் ஊரில் ஒரே பேச்சுதான்: "பொக்லைன் கொண்டுவந்து ஆழமாத் தூர்வாரணும், ரெண்டு பக்கமும் சுவர் எழுப்பணும்." கடன் வாங்கி விதைத்தவரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் தவறும் அங்கேதான் தொடங்குகிறது.

2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. ஒரு ஏக்கரில் மட்டும் அது சுமார் 37 லட்சம் லிட்டர். இவ்வளவையும் ஒரே கால்வாய்க்குள் அடக்க முடியாது. அடக்கப் பார்த்தால் வேகம்தான் கூடும். வேகம் இரண்டு மடங்கானால், தண்ணீர் உருட்டக்கூடிய கல்லின் எடை கிட்டத்தட்ட 64 மடங்காகும் என்பது ஆற்றியலின் பழைய கணக்கு. நேராக்கி, ஆழமாக்கி, சுவர் கட்டிய ஓடை நம் வயலைக் காப்பாற்றுவதுபோலத் தெரியும். அடுத்த வளைவில் இருக்கும் பாலத்தையும் கீழ்வீட்டுக்காரரின் கரையையும் அது அறுத்துக்கொண்டு போகும்.

அப்படியானால் வழி? ஓடை முன்பு விரிந்து ஓடிய பழைய தடங்களைத் திறந்துவிடுவது. மழைக்காலத்தில் நீரின் ஒரு பங்கு பக்க ஓடை வழியே, சதுப்பின் மேல் பரவி, மெதுவாக இறங்கும். நெதர்லாந்தில் 1995 வெள்ளத்தின்போது சுமார் இரண்டரை லட்சம் பேர் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. அதன் பிறகு அவர்கள் ஆறுகளுக்கு இடம் விடத் தொடங்கினார்கள். நைமேகன் நகரத்தருகே வால் (Waal) என்ற ஆற்றின் கரையை 350 மீட்டர் உள்ளே தள்ளி, பக்கத்தில் ஒரு கிளை வெட்டினார்கள். வெள்ள மட்டம் அங்கே சுமார் 35 சென்டிமீட்டர் குறைகிறது.

சரி, அதையே இங்கே செய்துவிடலாமா? அப்படியே நகலெடுப்பது அடுத்த தவறு. வால் ஆறு சமவெளியில் ஓடுகிறது, நம் ஓடைகள் சரிவில் இறங்குகின்றன. பக்க ஓடையை நேராக, குறுக்கு வழியாக வெட்டினால் சரிவு கூடிவிடும். ஒரு பெருமழையில் முழு ஓடையும் அதற்குள் பாய்ந்து, பழைய தடத்தைக் கைவிட்டுவிடும். அதனால் பக்க ஓடை வளைந்து, பிரதான ஓடையைவிடச் சற்று நீளமாகவே போக வேண்டும். அது பிரிகிற வாயில் கல் அடுக்கி ஒரு படி வைக்க வேண்டும். கோடையில் ஓடும் நீர் அந்தப் படிக்குக் கீழேயே போய்விட வேண்டும், மழைநீர் ஏறும்போது மட்டும் பிரிய வேண்டும். படியைத் தாழ்வாக வைத்தால் ஏப்ரலில் இரண்டு ஓடையிலும் தண்ணீர் இருக்காது. வளைவின் உட்கரையில் வாய் வைத்தால் மணல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும்.

எனக்கு மிகவும் வலிக்கிற தவறு ஒன்று உண்டு: சதுப்பை வெட்டி வடித்துவிடுவது. நீலகிரியின் பள்ளங்களில் மட்கிய புல்லும் கோரையும் அடை அடையாகப் படிந்த கறுப்பு மண் இருக்கிறது. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் எடுத்த அப்படிப்பட்ட மண்ணில் 20,000 ஆண்டுகளுக்கும் முந்தைய காலத்தின் தடயங்களைப் படித்திருக்கிறார்கள். இந்த மண் மழையைக் குடித்து வைத்துக்கொண்டு மார்ச் வரை ஊற்றாகக் கசியவிடும். பக்க ஓடை என்ற பெயரில் அதற்குள் நான்கடி ஆழத்துக்குப் பொக்லைனை இறக்கினால், நாம் வெட்டியது வடிகால்தான். சதுப்பு காயும், மண் வெடிக்கும், கீழே ஊர்க்கிணறு வற்றும். கறுப்பு மண் தெரிந்த இடத்தில் இயந்திரத்தை நிறுத்திவிடுங்கள். தடம் ஆழமில்லாமல், அகலமாக, கையால் வெட்டும் அளவுக்கு இருந்தாலே போதும். மலையில் பொக்லைன் ஓட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும்.

கரையில் நிற்கும் சீகை (வாட்டில்) மரங்களை ஒரே கோடையில் வேரோடு பிடுங்குவதும் கூடாது. அது அந்நிய மரம், போக வேண்டியதுதான். ஆனால் கரை வெறுமையானால் முதல் மழையிலேயே சரியும். மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும் விதைகளும் கிளறியவுடன் முளைத்துக் காடாகும். மரத்தை அடியோடு அறுத்து, வேரைக் கரையிலேயே விட்டு, பகுதி பகுதியாகப் போவது நல்லது. நாற்றுகளை ஆண்டுதோறும் பிடுங்க ஆள் இல்லையென்றால் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

அப்புறம், வெட்டவெளிச் சதுப்பைப் பார்த்ததும் மரக்கன்று நடும் விழா வைப்பது. அது புல்லின் இடம். தோடர்கள் தங்கள் கோயிலுக்குக் கூரை வேயும் புல் இத்தகைய சதுப்பில்தான் வளர்கிறது. குளிர்காலத்தில் உள்ளான் வந்து இறங்குவதும், ஓரத்துத் தேங்கலில் தவளை முட்டையிடுவதும் இங்கேதான். நாவல் போன்ற சோலை மரங்களை மேட்டுக் கரையோரம் வைத்துக்கொள்ளலாம்.

மேலே இருப்பதைக் கவனிக்காமல் கீழே மட்டும் வெட்டுவது பணத்தை மண்ணில் போடுவது. சரிவில் மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்த தோட்டங்களும், கேரட் கழுவும் இடங்களும் இறக்கும் சேறு இரண்டு மழைக்குள் புதிய தடத்தை நிரப்பிவிடும். குறுக்கு வரப்பும் படிக்கட்டு வயலும் முதலில் வர வேண்டும். சாலைக்கு அடியில் ஒற்றைக் குழாய் பதித்த சிறுபாலம் இருந்தால் அதையும் அகலப்படுத்தாமல் பயனில்லை.

நிலம் யாருடையது என்று கடைசியில் கேட்பதும் நடக்கிறது. ஓடையோரத்தில் பத்து சென்ட் வைத்திருப்பவருக்கு அதுதான் பிள்ளையின் கல்லூரிக் கட்டணம். ஆண்டில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கும், அந்தப் போகத்துக்கு யார் என்ன தருவார்கள் என்பதை வெட்டுவதற்கு முன்பே எழுத்தில் பேசிவிட வேண்டும்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு மழைக்காலம் முழுக்கக் குடையோடு ஓடையருகே போய் நில்லுங்கள். தண்ணீர் எங்கே ஏறுகிறது, எங்கே சுழல்கிறது, எந்த வழியாகத் திரும்பி இறங்குகிறது என்று பார்த்து மூங்கில் குச்சி நட்டு வையுங்கள். ஊர்ப் பெரியவர்களிடம் பழைய தடத்தைக் கேட்டு அங்கேயும் நடுங்கள். மண்வெட்டி அந்தக் குச்சிகளுக்கு நடுவே இறங்கட்டும்.