அக்யூட் டெர்மல் டாக்ஸிசிட்டி: எலி முதுகுல மருந்து வைக்கிறதுக்கு முன்னாடி

இந்த டெஸ்டை எப்படி பண்றதுன்னு லேபுக்கு புதுசா வர்றவங்க எல்லாரும் கேக்கறதால எழுதுறேன். கெமிக்கல் ஒரு தடவை தோல்ல பட்டு உள்ள போனா உடம்ப என்ன பண்ணுதுன்னு பாக்குற ஸ்டடி இது, ஓஈசிடிங்கற சர்வதேச அமைப்போட டெஸ்ட் வழிகாட்டி நம்பர் 402. தோல் செவக்குதான்னு பாக்குற 404 வேற, குழப்பிக்காதீங்க.

மொதல்ல இந்த டெஸ்டே வேணுமான்னு பாருங்க. வாய் வழியா குடுத்ததுல எல்டி50 (பாதி எலிகள் சாகுற டோஸ்) உடம்பு எடை கிலோவுக்கு 2000 மில்லிகிராமுக்கு மேல போச்சுன்னா பெரும்பாலும் தோல் டெஸ்டை விட்டுடலாம். பிஎச் 2ம் அதுக்கு கீழயும், 11.5ம் அதுக்கு மேலயும் இருக்கற சரக்கு தோலையே அரிச்சிடும், அதை தடவவே வேணாம். தேவைதான்னு முடிவானா எத்திக்ஸ் கமிட்டி அப்ரூவல் கைக்கு வரணும், அதுவரைக்கும் எலியே ஆர்டர் போடாதீங்க.

8லிருந்து 10 வார பெண் எலி, கர்ப்பமாகாதது, குறைஞ்சது 5 நாள் நம்ம ரூமுக்கு பழகணும். வேற தகவல் இல்லைன்னா கிலோவுக்கு 200 மில்லிகிராம்ல ஒரே ஒரு எலியில ஆரம்பிங்க, அது எப்படி இருக்குன்னு பாத்துதான் 50க்கோ 1000க்கோ நகரணும். பழைய 1987 முறையில ஒரு டோஸ்க்கு 5 எலி போகும், 2017ல மாத்தினது ரொம்ப நல்ல விஷயம். 250 கிராம் எலிக்கு 200ன்னா 50 மில்லிகிராம், பவுடர்னா தண்ணி விட்டு நனைச்சுக்கோங்க.

எல்லாரும் கோட்டை விடுற இடம் முடி வெட்டுறதுதான். முந்தின நாளே முதுகுல உடம்போட பத்துல ஒரு பங்கு அளவுக்கு கிளிப்பர வச்சு எடுங்க, தோலை ஒரு கையால லேசா இழுத்துப் பிடிச்சு கிளிப்பர படுக்க வச்சு ஓட்டணும், செங்குத்தா வச்சா கீறும். ஒரு சின்ன கீறல் இருந்தாலும் மருந்து நேரா உள்ள இறங்கும், ரிசல்ட் பொய்யாயிடும், அந்த எலிய அன்னிக்கு எடுக்காதீங்க.

மருந்தை சமமா பரப்பி காஸ் துணி வச்சு, உறுத்தாத டேப்பால சுத்தி 24 மணி நேரம். தனிக் கூண்டு, இல்லைன்னா பக்கத்து எலி டேப்பை கடிச்சு மருந்தை நக்கிடும். டேப்புக்கு அடியில சுண்டு விரல் நுனி போகணும். ஆரம்பத்துல ஒரு தடவை நான் இறுக்கி சுத்திட்டேன், மறுநாள் காலைல எலி குறுகி உக்காந்திருக்கு, கண்ணைச் சுத்தி சிவப்பா வடிஞ்சிருக்கு, தீனி தொடல, மருந்து வேலைன்னு எழுதிட்டேன். டேப்பை பிரிச்சதும் கொஞ்ச நேரத்துல சாப்பிட ஆரம்பிச்சிடுச்சு. அந்த சிவப்பு ரத்தம் இல்ல, ஸ்ட்ரெஸ் ஆனா கண்ணுக்குப் பின்னாடி சுரப்பியில இருந்து வர்ற போர்ஃபிரின். இன்னிக்கும் மனசு உறுத்துது.

24 மணி ஆனதும் மிச்ச மருந்தை தண்ணியால துடைச்சிடுங்க. கவனிக்கறது மருந்து வச்சதுலருந்தே ஆரம்பிக்கணும்: முதல் அரை மணிக்குள்ள ஒரு தடவை, அப்புறம் 2லிருந்து 6 மணி நேரம் வரை நல்லா கவனிச்சு, பிறகு தினமும் 14 நாள். நடுக்கம், மூச்சு, எச்சில், நடை எல்லாம் டைம் போட்டு எழுதுங்க, வாரம் ஒரு தடவை எடை. துடிக்குது, தேறாதுன்னு தெரிஞ்சா 14ம் நாள் வரைக்கும் காக்க வைக்காதீங்க, அன்னிக்கே வலியில்லாம முடிச்சு நெக்ராப்சி (செத்த எலிய அறுத்து உள்ளுறுப்பு பாக்குறது) பண்ணுங்க, நடு ராத்திரியா இருந்தாலும் வெட்னரி டாக்டருக்கு போன் போடுங்க.