துப்பறியும் கதையைத் திரைக்கதையாக்க: சாண்ட்லர் பட்ட பாடு

கோலாலம்பூரில் துப்பறியும் கதை எழுதுகிறவர்களுக்குத் திரைக்கதை எழுதும் வாய்ப்பு எப்போதாவதுதான் வருகிறது. வரும்போது எங்கே தொடங்குவதென்று தெரியாமல் திகைக்கிறோம். அப்போது அமெரிக்கத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரேமண்ட் சாண்ட்லரின் வாழ்க்கையைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 1932இல், 44ஆம் வயதில் எண்ணெய் நிறுவன வேலையை இழந்த அவர், இன்னொரு துப்பறியும் எழுத்தாளரான ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரின் குறுநாவல் ஒன்றின் கதைச்சுருக்கத்தை எழுதிக்கொண்டு, அதிலிருந்து கதையைத் தாமே மீண்டும் எழுதி, மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் குறைகளைக் கண்டுகொண்டார். நீங்களும் ஒரு படத்தைக் காட்சிவாரியாகக் குறித்து வைத்து, ஒரு வாரம் கழித்து அக்குறிப்பை மட்டும் கொண்டு எழுதிப் பாருங்கள்.

அடுத்தது உரையாடல், இதில்தான் அதிகம் உழைக்க வேண்டும். 1943இல் பாரமவுண்ட் நிறுவனத்தில், ஜேம்ஸ் எம். கெய்னின் ‘டபுள் இன்டெம்னிட்டி’ நாவலைத் திரைக்கதையாக்க இயக்குநர் பில்லி வைல்டருடன் அமர்ந்த சாண்ட்லர், நாவலின் உரையாடல் கண்ணுக்காக எழுதப்பட்டது, காதுக்கு எடுபடாது என்று வாதிட்டார். நடிகர்களை வைத்து வாசிக்கச் செய்தபோது அவர் சொன்னதே சரியாயிற்று. என் கதையொன்றில் செந்தூல் அடுக்ககத்தின் ஜாகா (காவலாளி), “நேற்றிரவு பத்து மணியளவில் அவர் தம் வாகனத்தை இங்கே நிறுத்திவிட்டு மாடிக்குச் சென்றார்” என்பார். பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையில் நண்பர் அதை உரக்க வாசித்தபோது, ‘வாகனத்தை’ என்ற இடத்திலேயே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இப்போது அது, “பத்து மணி இருக்கும் சார். காடிய இங்கதான் போட்டாரு” என்பதோடு முடிகிறது. மாடிக்குப் போனதை அவர் சொல்ல வேண்டியதில்லை. மின்தூக்கியின் கதவு மூடுவதைக் காட்டினால் போதும்.

‘நான்’ என்று சொல்லப்படும் கதையாக இருந்தால், அந்தக் குரலைக் கேட்க ஒரு காதைத் தேடுங்கள். ‘டபுள் இன்டெம்னிட்டி’ நாவலில் எழுத்து வாக்குமூலமாக இருந்தது, படத்தில் அலுவலக ஒலிப்பதிவுக் கருவியிடம் பேசுவதாக மாறியது. இன்றைக்கு வாட்ஸ்அப் குரல்செய்தி அந்த வேலையைச் செய்யும். திரையில் தெரிவதையே குரலும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கூட்டாளியோடு சண்டை வரும், வரட்டும். வைல்டரைப் பற்றிப் புகார்ப் பட்டியலே எழுதிக் கொடுத்த சாண்ட்லருக்கு, அவரோடு சேர்ந்து எழுதிய அந்தத் திரைக்கதைக்காகவே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது.

முடிவை மட்டும் முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். 1946இல் வெளிவந்த ‘தி ப்ளூ டாலியா’வின் திரைக்கதை முடியுமுன்பே படப்பிடிப்பு தொடங்கிவிட, சாண்ட்லர் மதுவின் துணையோடுதான் அதை எழுதி முடித்தார் (இதைப் பின்பற்ற வேண்டாம்). கடற்படையில் பணியாற்றித் திரும்பியவனே கொலையாளி என்று அவர் முதலில் வைத்திருந்ததை அமெரிக்கக் கடற்படை எதிர்த்ததால், கொலையாளியையே மாற்ற நேர்ந்தது. உங்கள் கொலையாளி சீருடை அணிந்தவர் என்றால், தணிக்கை வாரியத்தை மனத்தில் வைத்து, தடயங்கள் இன்னொருவர் மீதும் பொருந்தும்படி தொடக்கத்திலேயே அமைத்துக்கொள்ளுங்கள்.